டேனியல் பெயருக்குப் பின்னால் என் பெயர்

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டேன். மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு எட்டேகாலுக்கு வீடு திரும்பினேன். வெள்ளிமலையிலிருந்து மகள் மலர் விசா தாள்களோடு வந்திருந்தாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியரான டேனியலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவள் அவள். நான் போகவில்லை. இப்போது அவன் அம்மாவுக்கு உடல்நிலை மோசம். அவன் ஊர் திரும்ப வேண்டும். இவளும் கூடப் போகவேண்டும்.

"படிப்பு விசா சுளுவா கெடைக்குமாமே, அதுல போயேன்" என்றேன்.

"நான் இன்னா படிக்கவா போறேன்? அவரு பொண்டாட்டியா போறேன். அதைச் சொல்லியே போறேன்பா. எங்க கல்யாணம் நெசம்னு நீ ஒரு லெட்டர் குடு."

அவன் மலரோடு எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போன நாட்களிலெல்லாம் என் டைரியில் அவனை 'விருந்தாளி' என்றே எழுதி வந்தவன் நான். முடியாது என்று சொல்லவே தாள்களைக் கையில் எடுத்தேன். அதில் 'டேனியல் கோவிந்தன்' என்றிருந்தது.

"என் பேரு ஏன் இங்க இருக்குது?"

"பாஸ்போர்ட்டுல என் குடும்பப் பேரு எடத்துல உன் பேருதான இருக்குது? அதைத்தான் அவரும் வச்சிக்கினாரு."

"அது அப்பன் பேருன்னு சொல்லலியா?"

"சொன்னேனே! 'அப்ப ரொம்ப நல்லது'ன்னு சிரிச்சாரு."

கல்யாணத்துக்கே போகாதவனின் பெயரை இரண்டு ஆண்டுகளாகச் சுமந்திருக்கிறார். என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. எதையும் தேதி பிசகாமல் குறிக்கும் எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதரைச் சரியாகக் குறிக்கத் தெரியவில்லை.

மறுநாள் காலை, மோட்டார் போடுவதற்கு முன் கடிதத்தை எழுதினேன். முதல் வரி: "டேனியல் கோவிந்தன் எங்கள் வீட்டு மாப்பிள்ளை."