மாதா காலடியில் நான் வைத்த இரண்டு சீட்டுகள்

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலரை மணி. மருத்துவக் கல்லூரிப் பட்டியலில் என் மகளின் பெயர் இல்லை. போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாக மூன்று தடவை தேடினேன். இல்லை. இன்னும் அரை மணி நேரத்தில், அஞ்சு மணிக்கு, கையில் இருந்த இன்னொரு இடமும் போய்விடும். அந்த இடம் இருந்தது அசாமில். நாங்கள் உட்கார்ந்திருந்தது புதுச்சேரி கருவடிக்குப்பத்தில்.

அஞ்சு மணி ஆயிற்று. எங்கள் வீட்டுக் கடிகாரம் மணி அடிக்காது. முள் மட்டும் நகர்ந்தது. என் மகள் ரெஜினா எழுந்து போய் அவள் அம்மாவைப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அப்படி மாற்ற வேண்டும். அந்த வேளையிலும் அவள் அதை மறக்கவில்லை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இனி இந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தேன். செத்துப் போனால் தேவலை என்றுகூட நினைத்தேன். பாவம்தான். ஆனாலும் நினைத்தேன்.

என் கோயில் பங்கு மக்களே, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஆண்டவருக்கு நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் சவரிமுத்து. எட்டாவது வரை படித்தவன். நான் வேலை பார்த்த ஆலை மூடிய பிறகு ஊரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு அட்டெண்டராகச் சேர்ந்தேன். ஸ்ட்ரெச்சர் தள்ளுவேன். அந்த ஆஸ்பத்திரியிலேயே மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு மடிப்பு கலையாமல் வராந்தாவில் கூட்டமாக வருவார்கள். நான் ஸ்ட்ரெச்சரை ஓரம் கட்டி வழிவிடுவேன். ஒரு நாள் என் மகளுக்கு அப்படி வழிவிட வேண்டும் என்பதுதான் பல வருஷமாக என் செபம்.

என் மனைவி ரோசாலிக்கு அந்த வெள்ளிக்கிழமைக்கு மூன்று வருஷம் முன்பு பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஒன்றிரண்டு வார்த்தை குழறலாக வரும், அவ்வளவுதான். எனக்கு ஷிப்டு வேலை. ரெஜினாதான் அவளுக்குக் கை, கால், வாய் எல்லாம். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தே நீட் தேர்வுக்குப் படித்தாள். முதல் வருஷம் கிடைக்கவில்லை. இரண்டாம் வருஷம் நல்ல மதிப்பெண் வந்தது.

சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. அகில இந்திய ஒதுக்கீட்டில் அசாமில் ஒரு அரசுக் கல்லூரி கிடைத்தது. ரயிலில் போனால் இரண்டரை நாள். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள் நேரில் போய்ச் சேர வேண்டும். அங்கே சேர்ந்துவிட்டால் இங்கே கேட்க முடியாது. சேராமல் விட்டால் அந்த இடம் போய்விடும். எங்கள் ஊர்க் கல்லூரிக்கான பட்டியல் அந்த வாரத்தில் வரும் என்றார்கள். அதில் பெயர் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் இரண்டும் கெட்டு, பிள்ளை மறுபடியும் வீட்டில்.

எங்கள் குடும்பத்தில் பெரிய காரியம் எதுவானாலும் திருவுளச்சீட்டு போடுவது வழக்கம். தாளில் எழுதி மடித்து மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துச் செபமாலை சொல்லி, ஒரு சீட்டை எடுப்போம். வந்ததுதான் ஆண்டவர் சித்தம். அதற்கு மேல் பேச்சில்லை. என் கல்யாணத் தேதி, இந்த வீட்டுக்குக் குடிவந்தது, ரெஜினாவுக்குப் பெயர் வைத்தது, எல்லாம் அப்படித்தான்.

மாதா திருநாளுக்குக் கொடி ஏறியிருந்த வாரம் அது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தோம். ரெஜினா குளிக்கப் போனாள். நான் தையல் மிஷின் பலகைமேல் தாளை வைத்து ‘புதுச்சேரி’ என்று எழுதினேன். மடித்தேன். அடுத்த தாளை எடுத்தேன். ‘அசாம்’ என்று எழுத வேண்டும். கை வரவில்லை.

அவள் போய்விட்டால் ரோசாலியை யார் புரட்டுவது? யார் ஊட்டுவது? நான் டியூட்டியில் இருக்கும்போது அவளுக்கு மறுபடியும் வந்துவிட்டால்? இப்படியெல்லாம் மனசு ஓடிற்று. இன்னொன்றும் ஓடிற்று, அதையும் மறைக்கக் கூடாது. வராந்தாவில் அவளுக்கு வழிவிடும் ஆசை.

இரண்டாவது தாளிலும் ‘புதுச்சேரி’ என்றே எழுதினேன்.

ரோசாலி தூங்குகிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் கண் திறந்திருந்தது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெஜினா முட்டாக்குப் போட்டுக்கொண்டு முழங்காலில் நின்றாள். நாங்கள் செபமாலை சொன்னோம். ‘அருள் நிறைந்த மரியே’ என்று என் வாய் சொன்னது, கண் அந்த இரண்டு சீட்டின்மேலேயே இருந்தது. அவள் ஒரு சீட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். சுரூபத்தின் பாதத்தை உதட்டால் தொட்டு முத்தி செய்தாள்.

"சரிப்பா. ஆண்டவரே சொல்லிட்டாரு. இருந்துடறேன்."

அசாமில் குளிரும் என்று யாரிடமோ ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் பையில் வைத்திருந்தாள். அதை எடுத்து மடித்துத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினாள். கட்டிலில் ரோசாலி இடது கையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள்.

"அம்மா இன்னாப்பா சொல்லுது?"

"சந்தோஷத்துல அழுவுறாம்மா."

மாதா முன்னிலையில் இரண்டாவது பொய். "ரெண்டும்... ஒண்ணு" என்றுதான் ரோசாலி சொன்னாள். எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

அந்த வாரம் முழுக்க என் கையால் கஞ்சி கொடுத்தால் அவள் வாயைத் திறக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் தினமும் டியூட்டி முடிந்து கோயிலுக்கு ஓடினேன். மெழுகுதிரி ஏற்றினேன். ‘தாயே, எப்படியாவது இங்கேயே குடுத்துடு, என் மானத்தைக் காப்பாத்து’ என்று கெஞ்சினேன். திருட்டுத்தனம் பண்ணிவிட்டு, அதை உண்மையாக்கித் தரச் சொல்லி மாதாவையே கேட்டேன். புதன்கிழமை பட்டியல் வரும் என்றார்கள், வரவில்லை. வியாழன் வரவில்லை. வெள்ளி வந்தது. வந்த கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலைப் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் பெரிய பிரசங்கம் எதுவும் செய்யவில்லை.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க. உங்க பொண்ணுகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார்.

பூசைக்கு இருக்காமல் வீட்டுக்கு வந்தேன். சுரூபத்துக்கு அடியில் அந்த இன்னொரு சீட்டு அப்படியே இருந்தது. கிழித்துப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. எடுத்து ரெஜினாவின் கையில் கொடுத்தேன். "பிரிச்சிப் பாரும்மா" என்றேன்.

பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஏதாவது இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கத்துவாள், அடிப்பாள், வீட்டை விட்டுப் போவாள் என்று நினைத்தேன். எது செய்தாலும் தகும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"போவாதம்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இருந்திருப்பனே ப்பா. எதுக்கு மாதாவ இழுத்த?"

தரையில் விழுந்து அழுதேன். என் அப்பா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. ரெஜினாவும் அழுதாள். கட்டிலில் இருந்து ரோசாலியின் இடது கை வந்து என் தலையைத் தொட்டது. ஒரு வாரம் கழித்து அன்றுதான் தொட்டாள்.

மூன்று பேரும் சேர்ந்து செபித்தோம். "ஆண்டவரே, நான் எழுதுனத அழிச்சிடு. இனி நீ எழுது. இங்கன்னு கேக்க மாட்டேன், அங்கன்னும் கேக்க மாட்டேன். இந்தப் புள்ளய மட்டும் கை வுட்டுடாத" என்றேன். அவ்வளவுதான். இத்தனை நாள் செபித்ததில் அந்த ஒன்றில்தான் பொய் இல்லை.

பகல் ஒரு மணி இருக்கும். ரெஜினாவோடு தேர்வு எழுதிய பெண் போன் செய்தாள். பல ஊர்களில் பிள்ளைகள் போய்ச் சேர முடியாததால், சேரும் கடைசித் தேதியைச் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வரை நீட்டித்து அறிவிப்பு வந்திருக்கிறதாம். ரெஜினா போனிலேயே அதைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். அந்த நீட்டிப்பு எத்தனையோ பேருக்குக் கிடைத்திருக்கும். அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ எனக்குத் தெரியாது. என் வீட்டில் அது அழுத கண்ணீரின் ஈரம் காய்வதற்கு முன்னால் வந்தது.

ரெஜினா போனை வைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"சீட்டு வேணாம்ப்பா. நீ வாயால சொல்லு. போவட்டுமா, இருக்கட்டுமா?"

ரோசாலி கட்டில் சட்டத்தை இடது கையால் தட்டினாள். டக், டக் என்று. எனக்கு அந்த வார்த்தையும் புரிந்தது.

"போம்மா" என்றேன். "போயிட்டு வா."

சென்னை போய் விமானம் ஏற வேண்டும். வார்டு சிஸ்டரிடம் ஓடினேன். அவரே தன் போனில் டிக்கெட் போட்டுக் கொடுத்தார். ஆனால் நானும் கூடப் போனால் ரோசாலிக்கு யார்? வாசலில் நின்று யோசித்தபோது எதிர்வீட்டு மதலேன் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். எங்கள் தெருவில் வாராவாரம் கூடிச் செபிக்கும் அன்பியக் குழுவுக்கு அவள்தான் தலைவி. எல்லாவற்றையும் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏண்ணே, நாங்கல்லாம் இன்னா செத்தா பூட்டோம்?"

"உங்களுக்கு எதுக்குத் தொல்லைன்னு..."

"தொல்லன்னு நீயா முடிவு பண்ணிக்கினியா? ஒரு நாளாச்சும் கேட்டியா? மூணு வருஷமா கதவ சாத்திக்கினு கெடந்தா, நாங்க இன்னா சன்னல் வழியா குதிச்சி வர்றதா?"

ஓடிப்போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். மாதா சுரூபம் எந்த வாரம் யார் வீட்டுக்குப் போகும் என்று முறை எழுதி வைக்கும் நோட்டு அது. அதில் ஒரு பக்கத்தைத் திருப்பி, மேலே ‘ரோசாலி’ என்று எழுதினாள். கீழே கிழமை கிழமையாக ஏழு வீட்டின் பெயர். யாரையும் கேட்கவில்லை. எழுதிய பிறகுதான் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஒருத்தர்கூட முடியாது என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினோம். கொல்கத்தாவில் மாறி, குவாஹாத்தியில் இறங்கி, அங்கிருந்து அஞ்சு மணி நேரம் பஸ். திருப்பிக் கொடுத்த அந்த ஸ்வெட்டரை மறுபடியும் வாங்கிப் போட்டிருந்தாள். அங்கே போனால் நம்மூர் மாதிரியே புழுக்கம். திங்கட்கிழமை மதியம் கல்லூரியில் கையெழுத்துப் போட்டாள். குமாஸ்தா முத்திரை குத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு எங்கள் ஊர்க் கல்லூரிக்கு வந்த பட்டியல் எதுவும் அவள் தரவரிசை எண் வரைக்கும் வரவே இல்லை. அன்றைக்கு நான் எழுதியதே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் உடம்பு பதறுகிறது.

ரெஜினா இப்போது மூன்றாம் வருஷம். அந்த ஊர்ப் பேச்சும் பேசுகிறாள். தினமும் சாயந்திரம் போனில் முகம் பார்த்து அம்மாவுக்குக் கைப்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறாள்.

இன்னொரு நன்மையும் சொல்ல வேண்டும், நான் கேட்காமலே கிடைத்தது. முன்பெல்லாம் ரோசாலி வாயைத் திறக்கும் முன்னாலேயே நானும் ரெஜினாவும் கண்ணைப் பார்த்துப் புரிந்துகொண்டு செய்துவிடுவோம். அவள் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் வைத்திருந்தோம். முறை போட்டு வந்த பெண்களுக்கு ஒன்றும் புரியாது. "இன்னா ரோசாலி? இன்னா கேக்கற? திருப்பிச் சொல்லு" என்று விடாமல் கேட்டார்கள். அவளும் விடாமல் சொன்னாள். இப்போது முழு வாக்கியம் பேசுகிறாள். முக்கால்வாசி என்னைத் திட்டத்தான். திட்டட்டும். அதுவும் எனக்கு ஸ்தோத்திரம்தான்.

எங்கள் வீட்டில் சீட்டுப் போடுவதை விட்டுவிடவில்லை. ஆனால் ரோசாலி ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். மடிப்பதற்கு முன்னால் இரண்டு தாளையும் எல்லாருக்கும் காட்ட வேண்டும். "அந்த ஆள நம்பாத" என்கிறாள். நானும் காட்டுகிறேன்.

பிள்ளைகளுக்காகக் கண்ணீர் விடும் என் சகோதர சகோதரிகளே, உங்கள் மனசில் இருக்கும் பயத்தை முதலில் உங்கள் பிள்ளையிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் உதவி கேளுங்கள். பிறகு ஆண்டவரிடம் வாருங்கள், அவர் எழுத ஒரு தாளாவது வெறுமையாக விட்டு வாருங்கள். என்னைப் போன்ற வஞ்சகனையே அவர் கைவிடவில்லை, உங்களையா விடப் போகிறார்?

அந்த இரண்டு சீட்டும் இன்னும் இருக்கின்றன. ரெஜினா எடுத்ததை என் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். காலடியில் மிஞ்சியதை அவள் அசாமுக்குக் கொண்டுபோய்ப் பாடப் புத்தகத்தில் வைத்திருக்கிறாள். இரண்டிலும் ஒரே வார்த்தைதான். அதைப் பார்த்தால் அவளுக்கு ஊர் ஞாபகம் வருகிறதாம். எனக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளும்போதெல்லாம் அது நெஞ்சில் உரசுகிறது. வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் எதிரே வருகிறார்கள். யார் வீட்டுப் பிள்ளைகளோ, எங்கிருந்து வந்தவர்களோ. ஓரம் கட்டி வழிவிடுகிறேன். அங்கே என் மகளுக்கும் யாரோ ஒருவர் வழிவிடுவார்.