நாலு கறுப்பு ரிம்

பழைய கார்ச் சக்கர ரிம்முக்குக் கறுப்புச் சாயம் அடித்து விற்கும் கடையில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு: வீட்டுக்குப் போகும்போது கையில் ஒட்டியிருப்பது சாயமா அழுக்கா என்று யாரும் கேட்பதில்லை.

நான் சட்டம் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. பல்கலைக்கழக விவாத அணியில் கடைசியாக எழுந்து எதிரணியை மண்ணைக் கவ்வ வைப்பது என் பொறுப்பு. அந்த வாயை வைத்துக்கொண்டு செமஸ்டர் விடுமுறையில் கிள்ளான் நகரில் ஒரு ரிம் கடைக் கவுண்டரில் நின்றேன். கடையில் மொத்தம் மூன்று பேர். கண்ணாடி அறையில் பாஸ், பின்னால் கொட்டகையில் சாயம் அடிக்கும் குணா அண்ணன், முன்னால் பேசுவதற்கு நான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று வாங்கிக் கட்டிக்கொண்ட தோழிகளே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆறுதல் எதுவும் இதில் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆம்பளை யாராவது

முதல் நாள் முதல் வாடிக்கையாளர். சின்னக் கார், பதினேழு அங்குல ரிம் வேண்டும் என்றார். சின்னக் காருக்குப் பதினேழு போட்டால் வளைவில் திரும்பும்போது டயர் உள்ளே உரசும், குழியில் இறங்கினால் ரிம் அடி வாங்கும், பதினைந்துதான் சரி என்று நான் படம் வரைந்தே காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஆம்பளை யாராச்சும் இருக்காங்களா?" என்றார்.

குணா அண்ணனைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர் காரைப் பார்த்து, "பதினஞ்சு போதுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மனிதர் உடனே தலையாட்டினார். நான் விடவில்லை. இவ்வளவு நேரம் நானும் அதைத்தானே சொன்னேன் என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை.

"நீயும் அதத்தான் சொன்னம்மா, இல்லேன்னு சொல்லல. ஆனா அண்ணன் சொன்னாத்தான் காதுல விழுது."

ஆகாத நிறம்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு தாயும் மகனும் வந்தார்கள். புதுக் கார். கோயிலில் பூசை போட்டு, நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிய சாறு டயர் இடுக்கில் இன்னும் காய்ந்திருந்தது. மகனுக்குக் கறுப்பு ரிம் வேண்டும். தாய், புதுக் காடிக்குக் கறுப்பு ஆகாது என்று ஒரே பிடி.

என்னால் சும்மா இருக்க முடியுமா? டயரே கறுப்புதானே ஆன்ட்டி, அது மட்டும் எப்படி ஆகும் என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டயர் கறுப்பா பொறந்தது, அதோட தலையெழுத்து. ரிம்முக்கு நாம எதுக்குமா எழுதணும்?"

வெயில்

மாதிரிப் பலகையில் மூன்று கறுப்பு இருக்கும்: பளபளப்பு, மங்கல், இரண்டுக்கும் நடுவில் ஒன்று. வேறொரு ஆன்ட்டி, மகளின் காருக்காக அந்த மூன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இருப்பதிலேயே அடர்ந்த கறுப்பை எடுத்தார். இதுதான் பணக்காரக் களை என்றார். பிறகு பலகையைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். விவாத அணியில் எனக்குக் கிடைத்த கோப்பைகள் எதுவும் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை.

"காடிக்கு இந்தக் கறுப்பு எடுப்பா இருக்கு. நீ மட்டும் கொஞ்சம் வெயில்ல நிக்காம பார்த்துக்கம்மா."

அரை மணி நேரம்

இதுவரை நான் சொன்னது கோபம். இனிமேல் வருவது வேறு.

டெங்கிலிலிருந்து ஓர் அங்கிள் வந்தார். வெள்ளை நிறச் சின்னக் கார். காலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளிக்கு ஏற்றிப் போவார், மதியம் திரும்ப ஏற்றி வருவார், மற்ற நேரம் முழுக்க வாடகை ஓட்டம். ரிம் நாலும் வெள்ளி நிறம், ஓரமெல்லாம் நடைபாதையில் உரசிய சிராய்ப்பு. அதைத் தேய்த்துத் திரும்ப அதே வெள்ளி நிறம் அடித்துத் தர முடியுமா என்று மட்டும்தான் கேட்டார். அடிக்கலாம், இரண்டு நாள் கார் இங்கேயே நிற்க வேண்டும் என்றேன். அவர் முகம் சுருங்கியது. இரண்டு நாள் பிள்ளைகளை யார் ஏற்றிப் போவது?

அங்கேதான் நான் ஆரம்பித்தேன். தயாராக ஒரு கறுப்புச் செட் இருக்கிறது அங்கிள், ரிம்முக்குள் மெல்லிசாகப் பத்துக் கம்பி, உங்கள் காருக்கு அளவெடுத்த மாதிரி. பழையதை விலையில் கழித்து நாங்களே எடுத்துக்கொள்வோம். இன்றைக்கே மாட்டலாம். பிரேக் தூசி தெரியாது, சிராய்ப்பு தெரியாது, வாரா வாரம் கழுவ வேண்டாம். அவர் வேண்டாம் என்பதற்கு ஒவ்வொரு காரணமாகச் சொல்ல, நான் ஒவ்வொன்றாக உடைத்தேன். மொத்தம் அரை மணி நேரம். பாஸ் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கார் வெளியே போனதும் அறையிலிருந்து எழுந்து வந்தார்.

"தங்கச்சி, எனக்கு இருபது வருஷமா வராத வாய் உனக்கு வருது லா."

நகம்

ஒரு வாரம் கழித்து, குணா அண்ணனுக்குத் தேநீர் கொண்டு கொட்டகைக்குப் போனேன். மேசையில் ஒரு ரிம் கவிழ்ந்து கிடந்தது. உள்பக்கம், டயர் மூடுகிற இடத்தில், புழு ஊர்ந்த மாதிரி ஒரு கோடு. குழியில் விழுந்து வெட்டு விட்ட, அதாவது விரிசல் கண்ட ரிம்மாம். வெல்டிங் போட்டு, மேடு தெரியாமல் தேய்த்து, பள்ளம் நிரப்பும் பசை பூசி, மேலே கறுப்பு அடித்தால் முடிந்தது. வெள்ளி நிறத்தில் இந்த வேலை லேசாகத் தெரியுமாம், கறுப்பில் தெரியாதாம். கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். தட்டியது. பசை பூசிய இன்னொரு ரிம்மைக் காட்டினார், நகம் வழுக்கிக்கொண்டு போனது.

எனக்கு ஒன்று கேட்கத் தோன்றியது. கேட்காமல் இருந்திருக்கலாம் என்று பாதி மனம் இன்னும் சொல்கிறது. போன வாரம் டெங்கில் அங்கிளுக்குப் போன செட்டில் இப்படி ஏதாவது உண்டா அண்ணே என்றேன். அவர் தேநீரை ஆற்றினார், ஒரு வாய் குடித்தார்.

"பத்துக் கம்பி செட்டுதானே? அதுல ஒண்ணு மட்டும்தான்மா."

யாருக்கு எதிராக

நேரே பாஸ் அறைக்குப் போனேன். அவரைக் கூப்பிடுங்கள், மாற்றிக் கொடுங்கள், இனிமேல் வெல்டிங் போட்டதில் அடையாளம் போட்டு விற்போம் என்றேன். நுகர்வோர் சட்டம் என்றேன், பிரிவு வாரியாகச் சொன்னேன். மூன்று பிள்ளைகள் அந்தக் காரில் ஹைவேயில் போகிறார்கள் என்று முடித்தேன்.

பாஸ் கத்தவில்லை. அவர் கெட்டவர் என்று எழுதினால் எனக்கு வசதி, ஆனால் அது உண்மையாக இருக்காது. தன் வீட்டுக் காரிலேயே வெல்டிங் போட்ட ரிம் இரண்டு ஓடுகிறது, பெண்டாட்டி பிள்ளைகளோடு அதில்தான் ஈப்போ வரைக்கும் போய்வருகிறேன் என்றார். வெல்டிங் போட்டதெல்லாம் உடைவதில்லை என்றார். உடையாது என்று எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தார்.

"நீ லாயருக்குப் படிக்கிறியா, எனக்கு எதிரா படிக்கிறியா?"

தொலைபேசி

உத்தரவாத அட்டையில் அங்கிளின் எண்ணை நான்தான் எழுதியிருந்தேன். மதிய வேளையில் கடைக்கு வெளியே போய் நின்று அவரை அழைத்தேன். செந்தூலில் ஒரு பயணிக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார். நான் கவனமாக, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சொன்னேன். நாலில் ஒரு ரிம் வெல்டிங் போட்டது, எது என்று எனக்கே தெரியாது, தயவுசெய்து கொண்டு வாருங்கள், கழற்றிப் பார்த்துவிடலாம்.

அவர் குறுக்கே பேசவில்லை. அதனால் நம்பிவிட்டார் என்று நினைத்தேன். பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். கூடுதலாக இரண்டு காரணம் சொன்னேன். காரணம் கூடக் கூட அவர் மூச்சு விடுகிற சத்தம் மாறியது. கடைசியில் சிரித்தார், நல்ல சிரிப்பு இல்லை.

"அன்னைக்கு அரை மணி நேரம் பேசி மாட்டிவிட்ட. இன்னைக்கு அரை மணி நேரம் பேசி கழட்டச் சொல்ற. இப்ப என்ன செட்டும்மா வந்திருக்கு கடையில?"

சுவரோரம்

அதற்குப் பிறகு என் எண்ணைப் பார்த்தால் அவர் எடுப்பதில்லை. தினமும் செய்தி அனுப்பினேன், காலையில் நாலு டயரிலும் காற்று பாருங்கள் அங்கிள் என்று. படித்ததற்கு அடையாளம் வரும், பதில் வராது. கடைக்குள் தொலைபேசி மணி அடித்தால் அவராக இருக்குமோ என்று ஓடிப்போய் எடுப்பேன்.

பன்னிரண்டாவது நாள் அவரே வந்தார். என் பேச்சைக் கேட்டு அல்ல. பின்பக்க இடது டயரில் காற்று நிற்கவில்லை. நாலு நாளாக விடியற்காலையில் பெட்ரோல் நிலையத்தில் காற்று அடித்துக்கொண்டு, அதற்குப் பிறகு பிள்ளைகளை ஏற்றியிருக்கிறார். அந்த ஜன்னலோரம் உட்காருவது இரண்டாம் வகுப்புப் பிள்ளையாம். குணா அண்ணன் டயரை உருவினார். பசை உதிர்ந்து, வெல்டிங்கை ஒட்டி முடி மாதிரி புது வெட்டு, இரண்டு விரல் நீளம். அங்கிள் அதைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

என் பழைய நாலையும் கொடுத்துவிடுங்கள், சிராய்ப்போடு போகட்டும் என்றார். பழையதைக் கழித்துக்கொள்வதும், கழித்ததைச் சுரண்டிக் கறுப்படித்துச் சுவரோரம் அடுக்குவதும் எங்கள் தொழில் வழக்கம். அவருடையதும் அப்படியே ஆகிவிட்டது. அவருடைய பழைய ரிம்மின் அளவிலும் வடிவத்திலும் மூன்று செட் அடுக்கில் இருந்தன, இரண்டு செட் விற்றுப் போயிருந்தன. குணா அண்ணன் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து நின்றார். அங்கிள் அந்த அடுக்குக்கு முன்னால் போய் நின்றார்.

"எனக்குத் தெரிஞ்சு என் வீல்ல ஒரு வெட்டுக்கூட இல்லம்மா. இதுல எதுன்னு சொல்லு."

ஒன்று மட்டும்

நான் ஒவ்வொரு அடுக்காகத் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் ஒரே கறுப்பு. பாஸ் வெளியே வந்தார். அடுக்கிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், மரியாதையாகத்தான் சொன்னார். அங்கிள் எதையும் தொடவில்லை. அப்போது குணா அண்ணன் கொட்டகைக்குள் போய், அன்று காலை சாயம் முழுக்கச் சுரண்டி வைத்திருந்த ஒரு ரிம்மைத் தூக்கி வந்தார். வெறும் உலோகம், சாம்பல் நிறம். உள்ளும் புறமும் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். நானும் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

மற்ற மூன்றையும் சுரண்டிப் பார்த்துவிடுவோம் என்று நான் வாதாடினேன். வெல்டிங் போட்டது ஒன்றுதான் என்று குணா அண்ணன் சொன்னார், ஆனால் அவர் நினைவை நம்பி மூன்று பிள்ளைகளை ஏற்றுவதா? டயரையெல்லாம் உருவிச் சுரண்ட ஒரு நாள் பிடிக்கும் என்றார் பாஸ். ஒரு மணிக்குப் பள்ளி விடும் என்றார் அங்கிள். சனிக்கிழமை கொண்டு வருகிறேன் என்றார். அந்தச் சனிக்கிழமையும் வரவில்லை, அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மூன்று கறுப்பும் ஒரு வெறும் உலோகமுமாக அந்தக் கார் போனதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. கிளம்புவதற்கு முன், சாம்பல் நிறத்துக்கும் கறுப்படித்து ஒரே மாதிரி ஆக்கித் தரவா என்று பாஸ் கேட்டார். அங்கிள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இதுக்கு எதுவும் அடிக்க வேண்டாம்மா. ஒரு சக்கரமாவது எனக்குத் தெரியட்டும்."

அடுத்த விடுமுறைக்கும் வரச் சொல்லியிருக்கிறார் பாஸ், என்னிடம் யாரையும் நம்ப வைக்கிற வாய் இருக்கிறதாம், அது பொய்யில்லை என்பதற்கு டெங்கில் பக்கம் யாரும் சுரண்டிப் பார்க்காத மூன்று கறுப்புச் சக்கரங்கள் இன்னும் சாட்சி சொல்லிக்கொண்டு ஓடுகின்றன.