அவிழாத சிவப்புத் துணி

அம்மாவின் கொழுந்துச் சாக்கில் எப்போதும் ஒரு சிவப்புத் துணி முடிந்திருக்கும். அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ஆளுக்கொரு நிறத்தில் அப்படிக் கட்டுவார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்குகள் வரிசையாகக் கிடக்கும்போது எது யாருடையது என்று அந்தத் துணிதான் சொல்லும். நிறுத்த பிறகு எல்லாக் கொழுந்தையும் ஒரே குவியலாகக் கொட்டிவிடுவார்கள். போன மாதம் காலமான என் விரிவுரையாளரின் நினைவு மலருக்கு நான்கு நல்ல வார்த்தை எழுதச் சொல்லி மலர்க்குழுவினர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவது அந்தத் துணிதான். நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் ஒரு கடையின் மேல்மாடியில் சனி, ஞாயிறுகளில் எங்களுக்கு மெய்யியல் எடுத்தார். இடைக்கால இஸ்லாமிய மெய்யியல் என்றால் அவருக்கு உயிர். இருப்பது ஒன்றா பலவா என்று அவர் பேசத் தொடங்கினால் கீழே பஸ்காரர்கள் அடிக்கும் ஹோர்ன்கூடக் காதில் விழாது. அதை நான் மறுக்கமாட்டேன். மனிதர் எல்லோருக்கும் அறிவு ஒன்றே என்று அந்தக் காலத்தில் வாதிட்டவர்களைப் பற்றி ஒரு நாள் சொன்னார். அப்படியானால் எனக்குத் தெரிந்தது பக்கத்தில் இருப்பவளுக்கு ஏன் தெரியவில்லை? ஒரு வாரம் அந்தக் கேள்வி என்னைப் பிடுங்கித் தின்றது. பதில் அவர்களிடமே இருந்தது. அறிவு பொதுவானது, ஆனால் அவரவர் கண்டும் தொட்டும் மனதில் சேர்த்த படிமங்கள் அவரவருக்கே உரியவை என்றார்கள். எனக்கு மடுவம் ஞாபகம் வந்தது. குவியல் ஒன்று, துணி பல. அதை வைத்துப் பதினொரு பக்கக் கட்டுரை எழுதினேன். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க என் கையில் இருந்தது அது ஒன்றுதான். திருத்தித் தரும்படி அவரிடம் கொடுத்தேன். திரும்பி வரவில்லை.

அடுத்த வருடம் அவருடைய நூல் வெளியீட்டுக்கு அம்மாவையும் கூட்டிப்போனேன். வாசலில் வாங்கிப் புரட்டினால் மூன்றாம் அத்தியாயம் என் கட்டுரை. என் பெயர் முன்னுரையில்கூட இல்லை. ஓர் இடத்தில் மட்டும் கைவைத்திருந்தார். நிறுப்பதற்கு முன் பெண்கள் துணிகளை அவிழ்த்துப் போட்டுவிடுவார்களாம், பன்மை கரைந்து ஒருமை ஆகிவிடுமாம். அந்தப் பக்கத்தையே அவர் மேடையில் வாசித்தார். அம்மா எழுந்துவிட்டாள்.

"ஏங்க சார், நிறுக்கிறதுக்கு முன்னாடி துணிய அவுத்துட்டா எது யாரு சாக்குன்னு எப்புடிங்க தெரியும்? நீங்க மடுவத்துப் பக்கம் வந்ததே இல்லீங்களா?"

மண்டபம் சிரித்தது. அவர் தண்ணீர் குடித்தார். இன்னொருவரின் படிமத்தைத் திருடலாம், அதைக் கண்ட கண்ணைத் திருட முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். விழா முடிந்ததும் நேரே போய்க் கேட்டேன்.

"யோசினை ஒருத்தற்ற சொத்தும் இல்லைப் பிள்ளை. அறிவு ஒண்டுதானே? உமக்குள்ளயும் எனக்குள்ளயும் ஓடுறது அதுதான்" என்றார் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

கட்டுரையை மறுபடி எழுதி விண்ணப்பத்தோடு அனுப்பினேன். அவருடைய நூலிலிருந்து எடுத்தது என்று சொல்லி நிராகரித்துவிட்டார்கள். இன்று நுவரெலியாவில் பிள்ளைகளுக்கு அளவையியல், அதாவது தர்க்கம், படிப்பிக்கிறேன்.

அறிவு எல்லோருக்கும் ஒன்று என்றால் அவர் ஒருவருக்கு மட்டும் தனியாக ஒரு மலர் எதற்கு? இருந்தாலும் இதை அனுப்புகிறேன். அம்மா வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. பழைய சாக்கிலிருந்த துணியைக் கேட்டு வாங்கி, இந்தத் தாள்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். நிறம் வெளுத்துவிட்டது. முடிச்சை அம்மாவே போட்டாள். அவிழ்ப்பதானால் மலர்க்குழுவினர்தான் அவிழ்க்க வேண்டும்.