டூலுக்குப் பூட்டு போட்டவன்

சிவகாசியில் பட்டாசு லேபிள் டிசைன் பண்ணிக்கொண்டிருந்த நானும் என் நண்பனும் பழைய டிவி கேம் பெட்டிக்குச் சொந்தமாகக் கேம் எழுதிப் பழகினோம். படங்களை அந்தப் பெட்டிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டூல் ஒன்றையும் எழுதி, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று இணையத்தில் போட்டோம். முகம் தெரியாத பலர் திருத்தித் திருத்தி அதை நல்லதாக்கினார்கள்.

எங்களோடு ஒட்டிக்கொண்டவன் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளியின் மகன். ஒரு வரிகூட எழுதாதவன், தன்னிடமிருந்த, திருத்தங்கள் சேராத பழைய டூல் நகலின் முதல் திரையில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, பாஸ்வேர்டும் வைத்தான்.

"சும்மா குடுத்தா எவம்லே மதிப்பான்?" என்றான்.

விருதுநகரில் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அண்ணன் கம்ப்யூட்டர் படித்தவர். எங்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தான் உருவாக்கியது என்று அவரிடம் டூலை ஓட்டிக் காட்டினான். படம் கோணல்மாணலாக வந்தது.

"இந்தக் கோளாறெல்லாம் சரி பண்ணுனது நெட்டுல சும்மாவே கெடக்குதே, நீங்க பாக்கலியா?" என்று கேட்டார் அவர்.

"அது டூப்ளிகேட்டுங்க" என்றான், கண் இமைக்காமல்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. நாம் கோபப்படுவதற்கும் எதிராளிக்கு ஒரு தகுதி வேண்டும். நாங்கள் எழுந்து பஸ் ஏறினோம்.