நாலாம் வரி இல்லாத உடன்படிக்கை

வவுனியாவில் கிணற்று நீரைப் பரிசோதிப்பது என் வேலை. நேற்று ஆய்வுகூடத்தில் ஒரு பழைய பதிவுப் புத்தகத்தைத் திறந்தேன். உள்ளே நீலக் கார்பன் தாள். அந்த எண்ணெய் மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குப் பதின்மூன்று வயது. ஜெயபுரத்தில், விரலெல்லாம் நீலம்.

இடம்பெயர்ந்து திரும்பியபின் வந்த முதல் தை மாதம் அது. தேவாலயம் என்று நாங்கள் சொன்னது ஒரு தகரக் கொட்டகையை. மெதடிஸ்த சபையில் ஆண்டுத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை நடக்கும். உங்களுக்குத் தெரிந்திராவிட்டால் சுருக்கமாகச் சொல்கிறேன்: இந்த வருடம் இதைச் செய்வேன், அதை விடுவேன் என்று தீர்மானம் எடுப்பதல்ல அது. என்னை என்ன செய்ய விருப்பமோ செய்யும் என்று கடவுளிடம் கொடுத்துவிடுவது. எல்லோரும் எழுந்து நின்று, சேர்ந்து, ஒவ்வொரு வருடமும் புதிதாக.

செபப் புத்தகங்கள் இடப்பெயர்வில் போய்விட்டன. போதகரிடம் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. என் கையெழுத்து அழகு என்று (தெளிவு என்பதே உண்மை, அழகு அவருடைய கருணை) கார்பன் தாள் வைத்து நாற்பது பிரதி எழுதச் சொல்லி அந்தப் புத்தகத்தைத் தந்தார். நான் அன்றே பட்டியல்காரி. முதலில் ஒரு தாளில் செபத்தை வரிவரியாகப் பிரித்து இலக்கம் போட்டேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். "என்னடி, சந்தைக்குப் போற சாமான் துண்டு மாதிரிக் கிடக்கு!"

"வாசிக்கச் சுகம் அம்மா."

அம்மா முன்பள்ளியில் தொண்டர் ஆசிரியை. சான்றிதழ் உள்ள ஒருவர் மாசியில் வருவார், பிறகு நீங்கள் தேவையில்லை என்று சொல்லியிருந்தார்கள். அன்று பின்னேரம் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே செபத்தைச் சொல்லிப் பார்த்தார். "உமக்காக எனக்கு வேலை தாரும், அல்லது உமக்காக என்னை..." அதற்கு மேல் வரவில்லை. மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றார்.

'ஒதுக்கி வையும்' என்பதுதான் அந்தச் சொல். நாலாம் வரி.

நாற்பது தாளிலும் நாலாம் வரியை விட்டுவிட்டேன். ஆனால் இலக்கத்தில் பொய் சொல்ல மனம் வரவில்லை. மூன்றுக்குப் பிறகு ஐந்து என்றே எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் வரி முடிந்ததும் சபை குழம்பியது. சிலர் ஐந்துக்குத் தாவினார்கள், சிலர் வாய்மூடி நின்றார்கள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ராமையா மாமா, "நாலு எங்கங்க போச்சு?" என்று உரக்கவே கேட்டார். போதகர் தன் புத்தகத்தைத் தேடினார். அது எங்கள் வீட்டு மேசையில் இருந்தது.

அப்போது அம்மாவின் குரல் தனியாக எழுந்தது. "உமக்காக எனக்கு வேலை தாரும், அல்லது உமக்காக என்னை ஒதுக்கி வையும்." நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. சபை அவர் பின்னால் சொன்னது.

வீடு திரும்பும் வழியில் அம்மா கேட்டார்: "நீயோ விட்டனி?"

"ஓம். உங்களை ஒதுக்கிப்போடுவினம் எண்டு பயம்."

"கடவுள் உன்ர துண்டைப் பாத்தோ ஆள் எடுக்கிறவர்?" என்று சிரித்தார். கொஞ்சத் தூரம் போய், "எனக்கும் பயந்தான்" என்றார்.

மாசியில் புது ஆசிரியை வந்தார். அம்மா ஒரு வருடம் வீட்டில் இருந்தார். முதல் மாதம் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தார், என்மீது இரட்டிப்பாக. அடுத்த தையிலும் அந்த வரியைச் சொன்னார். பிறகு தன் வயதில் பாதியே ஆன பெண்களோடு சான்றிதழ் வகுப்புக்குப் போனார். இப்போது மாங்குளத்தில் முன்பள்ளி நடத்துகிறார்.

ஜெயபுரத்தில் இப்போது கொட்டகை இல்லை, கல்லால் கட்டிய தேவாலயம் எழுந்துவிட்டது. தை ஆராதனைக்கு அம்மாவும் நானும் அங்கே போவோம். எல்லோர் கையிலும் அச்சுப் புத்தகம், ஒரு வரியும் குறையாமல். நாலாம் வரியைச் சபை முழுவதும் சேர்ந்து சொல்கிறது. பக்கத்தில் நின்று காது கொடுத்தும், அதற்குள் அம்மாவின் குரலை என்னால் பிரித்தெடுக்க முடிவதில்லை.