தியாகலிங்கம் பிரித்த எஞ்சின்

சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டங்களை ஒட்டிக் கிடுகுக் கொட்டில் போட்டுக் கார் திருத்திய தியாகலிங்கத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாரதி சொல்லும் குறையைக் காதில் வாங்கமாட்டான். வண்டி வந்து நின்றதும் நேரே ரப்பெற் கவரைக் கழற்றுவான். எஞ்சினின் மேற்பக்கத்தை மூடியிருக்கும் தகர மூடிதான் அது. அதன் உட்புறத்தில் ஒட்டிக் கிடக்கும் அழுக்கை ஒற்றை விரலால் வழித்து வெளிச்சத்தில் பிடிப்பான். தார் போல் கறுத்திருந்தால், ஒயில் மாற்ற மனம் வராத கஞ்சனின் வண்டி. வெள்ளையாக இருந்தால் தண்ணீர் ஒயிலுக்குள் இறங்கிவிட்டது. எஞ்சினின் மேற்பாதியான ஹெட்டுக்கும் அடிப்பாதிக்கும் நடுவே கசிவை அடைக்கும் ஹெட் கஸ்கெற் என்ற தகடு போயிருக்கும், அல்லது ஹெட்டே வெடித்திருக்கும். சொன்னால் சொன்னதுதான். பதினேழு வருடத்தில் ஒரு தடவையும் அவன் கணிப்புப் பிழைத்ததில்லை என்று ஊர் பேசிக்கொண்டது. அந்தப் பேச்சு அவன் தலைக்குள் ஏறி வசதியாகக் குந்தியிருந்தது.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு தை மாதம். அவன் மனைவி மீனாம்பிகைக்கு எட்டாம் மாதம். முன்னே இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போன பிறகு தங்கிய பிள்ளை இது. வலி தொடங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி ஏழு மைல். யுத்தத் தடையால் கொழும்பிலிருந்து பெற்றோலும் வராது, உதிரிப்பாகமும் வராது என்றிருந்த அந்தக் காலத்தில், அக்கம்பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த வாடகைக் கார் ஒன்றே ஒன்றுதான், ஏரம்புவின் பழைய ஏ-40, ஊர்வாயில் ஏ-போட்டி. ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி எழுப்பினால் பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். தியாகலிங்கம் அதைச் சொல்லி வைத்தான். அதோடு விட்டிருக்கலாம்.

"ஏரம்பண்ணை, காரை ஒருக்கால் கொண்டு வாங்கோ. நான் பாத்தால்தான் எனக்கு மனம் ஆறும்."

"அது நல்லாத்தானே ஓடுது தம்பி."

"நல்லா ஓடுற கார்தான் நடு றோட்டிலை நிக்கும்."

அன்றிரவே ஏரம்பு காரைக் கொண்டுவந்து கொட்டிலில் விட்டார். மறுநாள் விடியற்குளிரில், அவரும் பக்கத்தில் நிற்க, தியாகலிங்கம் மூடியைக் கழற்றினான். உள்ளே வெள்ளை. விரலில் வழித்தால் களிம்பு போல் வந்தது.

"தண்ணி குறையுதோ அண்ணை?"

"பழைய ரேடியேற்றர், கொஞ்சம் ஒழுகும். அதில்லைத் தம்பி, நான்..."

"நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. உது சொல்லுது. உதோடை இன்னும் பத்து மைல் ஓடினால் எஞ்சின் முடிஞ்சுது. ஹெட்டைக் கழட்டவேணும்."

ஏரம்பு ஒரு கரையில் போய்க் குந்தினார்.

இதற்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. அந்த வெள்ளையில் கொஞ்சத்தைச் சூடான தகரத்தில் வைத்தால், தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும். அரை நிமிட வேலை. தேத்தண்ணிக்கு அடுப்பும் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் பதினேழு வருடம் பிழைக்காதவனுக்குச் சோதனை எதற்கு?

மத்தியானத்துக்குள் ஹெட் கழன்றது. எஞ்சினோடு ஒட்டிப் பழகிய கஸ்கெற் இரண்டாகக் கிழிந்து வந்தது. தியாகலிங்கம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தண்ணீர் கசிந்த அடையாளமே இல்லை. ஹெட்டைத் துடைத்து, சோக்குத் தூள் பூசி, வெடிப்பு எங்கே என்று அங்குலம் அங்குலமாகத் தேடினான். மயிரிழைக் கீறல்கூட இல்லை. கையைத் துடைத்தான். பிறகுதான் அந்த வெள்ளையை ஒரு தகர மூடியில் போட்டு அடுப்பில் வைத்தான். அது வெடிக்கவில்லை. உருகி, மண்ணெண்ணெய் நாற்றத்தோடு சேர்த்துப் பொரியல் வாசம் எழுப்பியது.

"என்ன ஊத்தினனீங்கள் அண்ணை?"

ஏரம்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எஞ்சின் ஒயில் எங்கை கிடக்கு தம்பி? மூண்டு போத்தில் தேங்காயெண்ணெய் கலந்தனான். சொல்லத்தான் வந்தனான், நீர் விடேல்லை. விட்டிருந்தாலும் உம்மடை ஏச்சுக்குப் பயந்து சொல்லியிருப்பனோ தெரியாது."

தைக் குளிரில் தேங்காயெண்ணெய் உறையும் என்பது யாழ்ப்பாணத்தில் எந்தக் குஞ்சு குருமானுக்கும் தெரியும். விடிந்ததும் எண்ணெய்ப் போத்தலை வெயிலில் வைக்காத வீடு கிடையாது. அன்று காலையும் மீனாம்பிகை வைத்த போத்தலைத் தாண்டித்தான் அவன் வேலைக்கு வந்திருந்தான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்தில் ஒரு வார்த்தை சொன்னான்.

"கஸ்கெற் முந்தியே போயிருந்தது எண்டு சொல்லுவம் அண்ணை."

"ஓம் தம்பி, அப்பிடியே சொல்லுவம்" என்றார் ஏரம்பு, மறுமூச்சு விடுமுன். இரண்டு பேருக்கும் மானம் தப்பியது.

கிளாலிக் கடல் கடந்து, சாமான் கிடைக்கும் வவுனியாவுக்குப் போன ஒருவரிடம் புதுக் கஸ்கெற்றுக்குச் சொல்லி விட்டார்கள். அதுவரைக்கும் என்று தியாகலிங்கம் தகரத்தில் ஒன்றை வெட்டிப் போட்டுப் பார்த்தான். கால் மைல் போகமுன் தண்ணீரைக் கக்கிக்கொண்டு கார் நின்றது. வவுனியாவுக்குப் போனவர் வந்தபாடில்லை.

பத்தொன்பதாம் நாள், காலை பத்து மணிக்கு, மூன்று கிழமை முந்தியே மீனாம்பிகைக்கு வலி கண்டது. தியாகலிங்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு லான்மாஸ்ரர் தேடிப் பறந்தான். அந்தச் சின்ன உழவு மெசின் தோட்டத்தில் உழுதுகொண்டு நின்றது. கலப்பையைக் கழற்றி, பின்னால் இழுக்கும் பெட்டியைப் பூட்டி, மெத்தை விரித்து அவளை ஏற்ற ஒன்றரை மணித்தியாலம் போயிற்று. செல் குண்டு விழுந்த குழிகளில் பெட்டி தூக்கிப் போட்ட ஒவ்வொரு தடவையும் அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். கொஞ்சத் தூரத்துக்குப் பிறகு கத்துவதை நிறுத்திவிட்டாள்.

"ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் பிள்ளை தப்பியிருக்கும்" என்றார் தாதி. ஆண் பிள்ளை.

கஸ்கெற் அடுத்த கிழமை வந்து சேர்ந்தது. தியாகலிங்கம் அதைப் பூட்டிக் காரை ஏரம்புவிடம் கொடுத்தான்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் மீனாம்பிகை ஒன்றையேதான் சொன்னாள். "கார் பழுதாய்ப் போச்சு. ஆரிலை பிழை சொல்லுறது? ஏரம்பண்ணையும் பாவம்." ஏரம்பு வந்தபோது அவளே எழுந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவர் அதைக் குடித்தார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தியாகலிங்கம் எத்தனையோ தரம் வாயெடுத்தான். எஞ்சினைப் பிரிக்கத் துணிந்தவனுக்கு அதற்குத் துணிவு வரவில்லை. கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டான், திட்டுவதோடு சரி.

அடுத்த வருடம் ஆவணியில் மீனாம்பிகைக்கு மறுபடி ஐந்தாம் மாதம். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, ஏரம்பண்ணைக்கு இப்பவே சொல்லி வையுங்கோவன்."

"வேறை கார் ஏதும் பாப்பமே."

"ஏன் வேறை? அது நீங்கள் உங்கடை கையாலை பிரிச்சுத் திருத்தின கார். அதெண்டால் எனக்குப் பயமில்லை."

தியாகலிங்கம் ஓம் என்றான்.