சம்பந்தியோடு இருபது கிலோமீட்டர்

போன சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, ஒரு மலைப்பாதையின் நடுவில், சேற்றில் உட்கார்ந்து, என் சம்பந்தியின் முன்னால் அழுதேன்.

ஐம்பத்தாறு வயதுப் பெண் அழுவதில் என்ன அதிசயம்? ஒன்றுமில்லை. சம்பந்தியின் முன்னால் என்பதுதான் விஷயம். பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்களுக்குத் தெரியும். சம்பந்தி வருகிறார் என்றால் சோபா உறையை மாற்றுவோம், தலைவலியை மறைப்போம், வீட்டுச் சண்டையைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தபடி கதவைத் திறப்போம். அப்பேர்ப்பட்டவர் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் சனிக்கிழமைகளில் ஒரு குழுவோடு நடக்கப் போகிறவள் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் தலைவி பெவர்லி. எழுபது வயது, ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியை. வருகிற பிப்ரவரியில், நாட்டின் மறு கோடியில் தெற்குத் தீவில் நான்கு நாள் மலைநடை ஏற்பாடு செய்திருக்கிறார். அதற்கு ஒரே நிபந்தனை... ஆக்லாந்தின் மேற்குக் கடற்கரை மலைப்பாதையில், எட்டு கிலோ பையைச் சுமந்துகொண்டு, இருபது கிலோமீட்டரை ஒரே நாளில், மாலை ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டும். முடித்தவர்களுக்கு இடம். முடிக்காதவர்களுக்கு ஒரு புன்னகை.

போன வருடம் எனக்குக் கிடைத்தது புன்னகை. பாதி வழியில் ஒரு கார் பார்க் வரும். என் கணவர் 'எதற்கும் இருக்கட்டும்' என்று அங்கே காரோடு நின்றிருந்தார். ஏறிவிட்டேன். பிறகு மற்றவர்கள் அந்த நான்கு நாள் நடையின் படங்களை வாட்ஸ்அப்பில் போட்டபோது, ஒவ்வொன்றுக்கும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் வயிறு எரிந்தது.

ஆகவே இந்த வருடம் வெறி. மூன்று மாதம், முதுகுப் பையில் பொன்னி அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு எங்கள் ஹில்ஸ்பரோ பகுதியின் மேட்டுத் தெருக்களில் ஏறி இறங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் நான் அரிசி விற்கிறேன் என்று நினைத்திருக்கலாம்.

எல்லாம் தயார் என்ற நேரத்தில் தகனினியில் குடியிருக்கும் மகள் நித்யாவின் போன் வந்தது.

"அம்மா, அத்தையையும் கூட்டிட்டுப் போயேன். ஷி வாக்ஸ் எவ்ரி டே. உங்க ரெண்டு பேருக்கும் நல்ல பாண்டிங்கா இருக்கும்."

அத்தை என்றால் அவள் மாமியார், யோகேஸ்வரி. யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. ரானுயியில் தனியாக இருக்கிறார், அங்கேயே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. வயது அறுபத்தொன்று. பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடத்தில் எங்கள் பேச்சு "நல்லா இருக்கீங்களா"வையும் "இன்னும் கொஞ்சம் போடட்டா"வையும் தாண்டியதில்லை. இவரை வைத்துக்கொண்டு எப்படி நடப்பது? ஆனால் சம்பந்தியை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

காலை எட்டு மணிக்குப் பாதையின் வாசலில் கூடினோம். இந்தக் காட்டின் ராட்சத மரங்களான கௌரி மரங்களுக்கு நோய் பரவக் கூடாது என்பதற்காக, காட்டுக்குள் நுழையும் முன் ஷூவின் அடிப்பாகத்தை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். சம்பந்தி தன் ஷூவைக் கழுவிவிட்டு, என் ஷூவையும் கழுவக் குனிந்தார். நான் பதறித் தடுத்தேன். அவர் வற்புறுத்தினார். பெவர்லி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முதல் எட்டு கிலோமீட்டர் சொர்க்கம். பாதை மேலேறி, திடீரென்று மரங்கள் விலகி, காலடியில் மொத்தக் கடலும் விரிந்தது. கீழே கறுப்பு மணல், அதன் மேல் வரிவரியாக வெள்ளை அலை. காற்று ஆளையே தள்ளியது. இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். இதற்காகத்தானே வந்தோம் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது வினை. அந்த வாரம் முழுக்க மழை. பாதை களிமண்ணாகக் குழைந்து கிடந்தது. ஒரு காலை எடுத்தால் மறு கால் வழுக்கியது. கார் பார்க்கை அடைந்தபோது மணி பன்னிரண்டு. என் கணவர் அங்கே டிக்கியைத் திறந்து வைத்து, குளிர்ந்த ஜூஸோடு நின்றுகொண்டிருந்தார். அந்த நிமிடத்தில் உலகத்திலேயே அழகான மனிதர் அவர்தான்.

"களைச்சுப் போனீங்களோ, சம்பந்தி? ஏலாட்டிச் சொல்லுங்கோ, ரெண்டு பேருமா ஏறுவம்," என்றார் சம்பந்தி.

"எனக்கா? இல்லவே இல்லீங்க. உங்களுக்கு முட்டி வலிச்சா சொல்லுங்க, போயிடலாம்."

"எனக்கென்ன? நான் நல்லா இருக்கிறன். உங்களுக்காகத்தான் கேட்டனான்."

"எனக்காக வேண்டாங்க."

இப்படியே நான்கு தடவை. என் கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டிக்கியை மூடிவிட்டு, முடிவிடத்தில் காத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். அந்த கார் வளைவில் மறையும்வரை இருவரும் சிரித்த முகமாகக் கையசைத்தோம்.

பதினைந்தாவது கிலோமீட்டர். படிப்படியாக ஏறும் ஒரு மண் சரிவு. குழுவினர் எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். எனக்கு வலது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. வழுக்கி விழுந்தேன். எழ முடியவில்லை. மணி மூன்று, இன்னும் ஐந்து கிலோமீட்டர். இந்த வருடமும் புன்னகைதான்.

"என்னால முடியலங்க, சம்பந்தியம்மா. நீங்க போங்க. நான் மெதுவா..." அதற்கு மேல் வந்தது அழுகைதான்.

அவர் பையைக் கழற்றினார். எனக்கு எதிரே, அதே சேற்றில், பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்பாடா," என்றார். "நான் பன்னிரண்டு மணிக்கே ஏலாமப் போனனான்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"உங்கட மனுசன் காரைத் திறந்து வச்சுக்கொண்டு நிண்டவரெல்லோ? ஓடிப்போய் ஏறத்தான் நினைச்சனான். நீங்கள் ஏறேல்லை. பிறகு நான் எப்படி ஏறுறது?"

"நீங்க ஏறலன்னுதானே நான் ஏறல," என்றேன்.

ஒரு நொடி பார்த்துக்கொண்டோம். பிறகு சிரித்தோம் பாருங்கள்... வயிறு வலிக்க, அந்தக் காடே திரும்பிப் பார்க்க. அவர் என் ஷூவைக் கழற்றி, காலை மடியில் எடுத்து வைத்துக் கெண்டைக்காலைப் பிசைய ஆரம்பித்தார். சம்பந்தி என் காலைப் பிடிப்பதா என்று இழுத்துக்கொண்டேன்.

"பேசாம இருங்கோ," என்றார். காப்பகத்தில் நாற்பது பிள்ளைகளை உட்கார வைக்கும் குரல். அடங்கி உட்கார்ந்தேன். பையிலிருந்து எள்ளுருண்டை கொடுத்தார். தின்றேன்.

அப்புறம் நாங்கள் போனது நடை அல்ல, புலம்பல் ஊர்வலம். இடுப்பு, முட்டி, கொப்புளம் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு ஏறினோம். வலியைச் சொல்லி முடித்ததும் மற்றதெல்லாம் வந்தது. என் காபி அவருக்குப் பிடிக்காதாம், அவர் தேத்தண்ணிதான் குடிப்பாராம். இரண்டு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருக்கிறார். அவர் வீட்டுக் கறியின் உறைப்பில் எனக்கு இரவெல்லாம் வயிறு எரியும் என்று நானும் சொல்லிவிட்டேன்.

அவர் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். பிறகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"கலியாணத்தண்டு நான் மேடைக்கு வரேல்லை. தாலி கட்டேக்க எல்லாரும் மேல நிண்டவை. நான் கீழ நிண்டுதான் பாத்தனான்."

"கூப்பிட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமோன்னு..."

"சங்கடமோ இல்லையோ எண்டு நீங்களே முடிவெடுத்தனீங்கள். ஒருக்காக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா வந்திருப்பன்."

கணவரை இழந்தவர், ஊர்க்காரர்கள் முன்னால் கூச்சப்படுவார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அதை நாசூக்கு என்று இரண்டு வருடமாக மனதுக்குள் மெச்சிக்கொண்டும் இருந்தேன். பெற்ற பிள்ளையின் கல்யாணத்தில் ஒரு தாயைக் கீழே நிற்க வைத்திருக்கிறது என் நாசூக்கு. கால் வலியெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"தப்புதாங்க," என்றேன்.

"ஓம், பிழைதான்," என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஏற்றத்தில் கையை நீட்டி என்னை மேலே இழுத்தது அவர்தான்.

மரியாதை நல்லதுதான், மறுக்கவில்லை. பதினைந்து கிலோமீட்டர் வரை எங்களைக் கூட்டிவந்ததே அதுதானே? ஆனால் அதற்கு மேல் அதனால் நடக்க முடியவில்லை. மிச்ச தூரத்துக்கு உண்மையைப் பேச வேண்டியிருந்தது.

கடைசி ஒரு கிலோமீட்டர் கடற்கரை மணல். கால் புதைந்தது. தூரத்தில் பெவர்லி கைக்கடிகாரத்தோடு நிற்பது தெரிந்தது. ஓடினோம் என்று சொல்ல ஆசை. ஆனால் இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நொண்டினோம். நான்கு ஐம்பத்திரண்டு.

இருபது கிலோமீட்டர். எட்டு கிலோ பை. எட்டு நிமிடம் மிச்சம். எனக்குப் பெருமையாக இருந்தது, இப்போதும் இருக்கிறது, இதை எழுதும்போதே நிமிர்ந்து உட்கார்கிறேன். திங்கட்கிழமை வேலைக்குப் போய், கால் வலியில் படிக்கட்டில் பின்பக்கமாக இறங்கியபடி, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னேன். அரிசி மூட்டைப் பயிற்சி எதுவும் இல்லாமல் அறுபத்தோரு வயதில் முடித்த சம்பந்தியைப் பற்றி இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

பெவர்லி பட்டியலில் என் பெயரை எழுதினார். எப்படி இருந்தது, கஷ்டமா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் சம்பந்தி, "ஈஸி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ர பேரையும் எழுதச் சொல்லுங்கோ" என்றார்.

எழுதியாயிற்று. பிப்ரவரியில் நான்கு நாள், ஒரே கூடாரம். நான்கு நாள் ஒன்றாக இருந்தால் எங்களுக்குள் சண்டை வந்துவிடும் என்று பிள்ளைகள் இருவரும் பயப்படுகிறார்கள்.

வரட்டுமே. சண்டை போடுகிற அளவுக்கு இப்போதுதான் நெருங்கியிருக்கிறோம்.